படத்தின் கீழே ஒரு பெயர்

குற்றாலத்தில் சாரல் விழுந்த மறுநாள் நாளிதழ்களில் பேரருவியின் படம் வந்துவிடும். கொட்டும் நீர், கீழே தலைகளின் கூட்டம். பள்ளி நாள்களிலிருந்து பார்த்துவருகிறேன், படம் மாறியதில்லை. அருவிக்கு வருகிறவர்கள் கடந்துபோகும் ஊர்களில், திண்ணையிலும் வாசல்படியிலும் அமர்ந்து மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்கள் எப்போதாவதுதான் படமாகிறார்கள். அப்போதும் கீழே பெயர் இருப்பதில்லை.

என் சித்தி அப்படி ஒருமுறை படமானாள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எடுத்த படம் ஓர் இதழில் அரைப்பக்கத்துக்கு வந்தது. இலையை வெட்டும் விரல்கள், நூல் சுற்றிய கட்டுகள், குனிந்த முகம். ‘பீடி சுற்றும் பெண்’ என்று அச்சிட்டிருந்தார்கள். சித்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏட்டி, எம்பேரு எங்க போட்டுருக்கு?” என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி எனக்குத் திரும்ப வந்தது 2023-இல். பிரான்சின் தெற்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பெர்ப்பினியான் நகரில் நடக்கும் ‘வீசா பூர் லிமாஜ்’ என்ற பன்னாட்டுச் செய்திப்பட விழாவுக்கு அது 35-ஆவது ஆண்டு. 1989-இல் தொடங்கிய விழா. பழைய மடாலயங்களிலும் தேவாலயங்களிலும் படங்களை மாட்டிவைக்கிறார்கள், கட்டணம் கிடையாது. இரவில் திறந்தவெளியில் பெரிய திரையில் ஆண்டின் போர்களும் வெள்ளங்களும் ஓடுகின்றன. அங்கு ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவரின் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயர்களில் பெண்கள் வெகுகாலம் குறைவு. 2001-இல் பெண் செய்திப்படக் கலைஞர்களுக்கென்று தனி விருது ஏற்படுத்த வேண்டிவந்தது. 2014-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொல்லப்பட்ட கமீல் லெபாஜுக்கு வயது 26. இன்று அவர் பெயரிலும் அங்கே ஒரு விருது தரப்படுகிறது.

நம் நாட்டுக் கதையும் பெயரில்தான் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் பெண் செய்திப்படக் கலைஞர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலா 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். அவர் எடுத்த தொடக்க காலப் படங்கள் பல அவருடைய கணவர் பெயரில் வெளிவந்தன. பெண், அதுவும் யாருக்கும் தெரியாத பெண் என்பதே காரணம். 1947-இன் விடுதலை நாள்களையும் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் பதிவுசெய்தவர், 1970-இல் கேமராவைக் கீழே வைத்தார். பத்ம விபூஷண் வந்தது 2011-இல், அவருடைய 97-ஆம் வயதில். அடுத்த ஆண்டு சனவரியில் இறந்துபோனார்.

ஒருத்தி செய்த வேலை இன்னொருவர் பெயரில் போவது எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. பீடிக் கடையின் பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும். அந்த வீட்டில் மூன்று பேர் சுற்றுவார்கள். மற்ற இருவரின் கணக்கு எங்கும் ஏறாது. பெயர் ஏறாதவளுக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது. 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டமும் 1976-இல் நல நிதிச் சட்டமும் வந்த பிறகும் இந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. சித்தி இறந்தபின் அவள் பெட்டியில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை கிடைத்தது. கல்யாணப் படங்களில் ஓரத்தில் நின்றவள், தனியாக நேரே பார்த்துக்கொண்டிருந்த ஒரே படம் அதுதான். கீழே அவள் பெயர், எழுத்துப்பிழையோடு. இதழின் அரைப்பக்கத்தை அவள் வைத்துக்கொள்ளவில்லை. இதைத்தான் பத்திரப்படுத்தியிருந்தாள்.

பெயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அருவியில் பெண்கள் பகுதியை நோக்கி உயரும் கைபேசிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஈரச் சேலையை இழுத்துப் போர்த்துகிறவளுக்கு வேண்டியது பெயரல்ல, படமாகாமல் குளிக்கும் உரிமை. முதலாளியின் கோபத்துக்கு அஞ்சிப் பெயரை மறைக்கச் சொல்லும் தொழிலாளியும் உண்டு. அதை முடிவுசெய்ய வேண்டியவள் அவள். அதற்கு முதலில் அவளிடம் கேட்க வேண்டும்.

இப்போது என் வகுப்பில் களப்பணிக்குப் போகும் மாணவிகளிடம் கைபேசி இருக்கிறது. நோட்டும் எடுத்துப் போகச் சொல்கிறேன். எடுக்கலாமா என்று கேளுங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். சரி என்றால், அவர் சொல்கிறபடி எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். போன பருவத்தில் ஒரு மாணவி பன்னிரண்டு படங்களோடு வந்தாள். நோட்டில் பதினைந்து பெயர்கள் இருந்தன. “மூணு பேரு படம் வேண்டாம்னுட்டாங்க மேடம். ஆனா பேரு எழுதிக்கோன்னாங்க” என்றாள்.