சர்க்கஸ் விலங்குகள் தடை (இந்தியா)

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதை மத்திய அரசு 1998இல் தடைசெய்தது. தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது என்று சர்க்கஸ் நடத்துவோர் வழக்காடினர். கேரள உயர் நீதிமன்றம் 2000இல் அதை ஏற்க மறுத்து, கண்ணியமான வாழ்வு மனிதருக்கு மட்டுமா என்று கேட்டது; 2001இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. பிழைப்பு வாதத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. பல குடும்பங்கள் கூடாரத்தை நம்பியே இருந்தன. ஆனால் தீயைக் கண்டால் ஒதுங்கும் புலியை எரியும் வளையத்துக்குள் தாவவைத்தது சவுக்கும் பட்டினியும்தான். காட்சி முடிந்ததும், திரும்பிப் படுக்கவும் இடமில்லாத கூண்டில் அடுத்த ஊருக்கு லாரிப் பயணம். 1998ஆம் ஆண்டுப் பட்டியலில் யானை இடம்பெறாதது பெருங்குறை. மீட்கப்பட்ட சிங்கம், புலிகளுக்கு வண்டலூர் உள்ளிட்ட இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைக்கப்பட்டன.