ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்

தமிழ்நாட்டில் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் நிலையங்களின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகிறார்கள். 1959இல் தில்லியில் சோதனை ஒளிபரப்பு, 1972இல் பம்பாய், 1975 ஆகஸ்ட் 15இல் சென்னை, 1982இல் வண்ணம் என்று அது ஒரு கால அட்டவணையாக நீளும். அந்தப் பெட்டியின் முன்னால் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யாருக்குக் கதவு சாத்தப்பட்டது என்பதற்கு அதில் இடமிருப்பதில்லை. என் அக்கறை அதில்தான்.

சென்னை நிலையம் தொடங்கியபோது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம் மட்டுமே. கோபுரத்தின் எல்லைக்கு அப்பாலிருந்த பெரும்பாலான மாவட்டங்களுக்குத் தொலைக்காட்சி என்பது செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்ட ஒன்று. கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றின் விலை நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளம். அதற்கு உரிமம் எடுத்து அஞ்சலகத்தில் கட்டணமும் கட்ட வேண்டும். சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா, ஹைதராபாத்திலிருந்து வந்த ஈ.சி. ஆகிய பெயர்கள் அந்தத் தலைமுறைக்குக் குடும்பப் பெயர்கள் போல. மரத்தாலான உடல், நான்கு கால்கள், இருபுறமும் இழுத்து மூடும் மரக்கதவு. சில பெட்டிகளில் பூட்டும் உண்டு. பீரோவுக்குப் பிறகு வீட்டுக் கூடத்தில் பூட்டிவைக்கத் தகுந்த பொருள் என்று மதிக்கப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். கண்ணாடியின் முன்னால் நீலத்தாள் ஒன்றை மாட்டிக்கொண்டு வண்ணத் தொலைக்காட்சி என்று சொல்லிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

சென்னை எட்டாத தென்கரைக்குக் கொழும்பு எட்டியது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கங்களில் மூங்கிலிலும் இரும்புக் குழாயிலும் உயர்ந்த ஆன்டெனாக்கள் கடலை நோக்கித் திரும்பி நின்றன. ஒரு சொல்லும் புரியாத சிங்கள விளம்பரப் பாட்டுகளைச் சிறுவர்கள் பிழையில்லாமல் பாடித் திரிந்தார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் யாழ்ப்பாணத்திலோ ஆன்டெனாக்கள் இந்தியாவை நோக்கியிருந்தன. இரு கரைகளும் ஒன்றையொன்று இப்படி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும். 80களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையுச்சியில் உயர்திறன் கோபுரம் எழுந்ததும் தென்மாவட்டங்களின் ஆன்டெனாக்கள் மலையை நோக்கித் திரும்பின.

ஆன்டெனாவைத் திருப்புவது தனி ஒருவரால் ஆகிற காரியமல்ல. மாடியில் ஒருவர், முற்றத்தில் ஒருவர், பெட்டியின் முன்னால் ஒருவர். “தெரியுதா?” “புள்ளி புள்ளியா வருது.” “இப்ப?” “வந்துச்சு, வந்துச்சு… ஐயோ, போச்சு!” தெருவில் போகிறவரும் நின்று, எதிர்வீட்டு ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். படம் வந்ததா என்று தெரிந்துகொள்ள அவர் காத்திருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலை தமிழ்த் திரைப்படம். இந்த இரண்டு நாட்களில் பெட்டி இருந்த வீடு பொதுவிடமாகிவிடும். பாயில் வீட்டாரும் உறவினரும், அவர்களுக்குப் பின்னால் அண்டைவீட்டார், வாசற்படியில் தெருப்பிள்ளைகள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மற்றவர்கள். திரையில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று வந்தால் அத்தனை பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விடுவார்கள். பெயர் தெரியாத ஒருவரோடு கதாநாயகியின் துயரத்தைப் பகிர்ந்துகொண்டுவிட்டு, மறுநாள் கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கடந்துபோன அனுபவம் பலருக்கும் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் இனிமையான பகுதி. நம்முடைய நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நாலணா வாங்கிய வீடுகள் இருந்தன. எல்லாப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட தெருவிலிருந்து வந்த பிள்ளைகளை மட்டும் ‘கூட்டமாயிருக்கு’ என்று திருப்பி அனுப்பிய வீடுகளும் இருந்தன. ஊராட்சித் தொலைக்காட்சி பெயரளவில் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த அறை பல இடங்களில் ஊருக்குள்தான் இருந்தது, சேரியில் இல்லை. மண்தரையில் யார் முன்னால் உட்காருவது, யார் கடைசியில் நிற்பது என்பதை அறிவிப்புப் பலகை சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

1984ஆம் ஆண்டின் பிற்பாதியில் நாடெங்கும் புதிய ஒளிபரப்பிகள் நாளொன்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் நிறுவப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று இந்திரா காந்தியின் இறுதிச் சடங்கை நேரடியாகக் காட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டார் பெட்டியைத் தூக்கிவந்து திண்ணையில் வைத்தார்கள். அதற்கு முன்போ பின்போ அந்தத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்திராத பெண்கள் அன்று அங்கே அழுதுகொண்டிருந்தார்கள். சிதை எரிந்து முடிவதற்குள் பெட்டி உள்ளே போய்விட்டது.

பிறகு விலை குறைந்தது, வண்ணம் பரவியது, 90களில் செயற்கைக்கோள் அலைவரிசைகளும் கேபிளும் வந்தன. இவை நன்கறிந்த செய்திகள். ஜன்னலை உண்மையில் மூடியது வேறொன்று. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சியை வாக்குறுதியாக அளித்தது. ஆட்சிக்கு வந்த பின் அந்த ஆண்டே வழங்கத் தொடங்கி, ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொடுத்தது. இது வாக்குகளை விலைக்கு வாங்குவதே என்று உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போயிற்று. தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அந்தத் திட்டத்தைக் கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பெட்டி வைத்திருந்தவர்கள். அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பது என்னவாக இருந்திருக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கூடிப் பார்த்த காலம் போயிற்றே என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டம் பற்றாக்குறையால் கூடியது. அதைப் பாயிலிருந்து நினைப்பதும் ஜன்னலிலிருந்து நினைப்பதும் ஒன்றல்ல.

2011இல் ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது. அடுத்து மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவை 2022க்குள் மூடப்பட்டன. மரக்கதவுப் பெட்டியானாலும் அரசு கொடுத்த பெட்டியானாலும் பழைய இரும்புக்காரர் இன்று கேட்பது படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை. ஈயம் கலந்த அந்தக் கனத்த கண்ணாடியை, வேண்டாம் என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.