ஐயாயிரம் ரூபாவும் ஏக்கர் வரிப் பதிவேடும்

கொவிட் கால நிவாரணம் என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அந்த ஐயாயிரம் ரூபாதான். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டார்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் சமுர்த்தி உத்தியோகத்தரும் ஜீ.எஸ்.ஸும் பட்டியல் எடுத்துக் காசு கொடுத்தார்கள். விவசாயக் காப்புறுதியில் பதிந்திருந்தோரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அது அடுப்பெரியக் கொடுத்த காசு. வயலுக்கு வந்த உதவி வேறு வழியால் வந்தது. அந்த வழி கொவிட்டை விடப் பழையது.

1948இல் உத்தரவாத விலைத் திட்டம் வந்தது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், மற்றவர் காணியில் வேளாண்மை செய்பவனுக்கும் உரிமை உண்டு என்றது. காணிக்காரருக்குக் கொடுக்கும் பங்குக்கு ஓர் எல்லையும் வைத்தது. பெயர் பதிந்தால் காணி கைவிட்டுப் போகும் என்ற பயத்தில் நாட்டில் பல இடங்களில் செய்கைக்காரரை எழுப்பிவிட்டார்கள். சட்டம் ஏழைக்கு, பயம் காணிக்காரருக்கு. நட்டம் மட்டும் ஏழைக்கே! நம் பகுதியில் இன்றும் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான்.

உர மானியம் 1962இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தோடு பதிவேடு கமநல சேவை நிலையத்தின் பொறுப்பில் உறுதியானது. 2016இல் உரத்துக்குப் பதில் காசு என்றார்கள், வங்கிக் கணக்குக்கு. ஒரு அந்தர் யூரியா வயலுக்குத்தான் போகும். காசு யார் கணக்கில் விழும்? பதிவேட்டில் பெயர் உள்ளவரின் கணக்கில். அதை அப்படியே செய்கைக்காரரின் கையில் கொடுத்த காணிக்காரரையும் நாம் அறிவோம். அது அவரவர் தக்வா.

2020இல் ஐந்து ஏக்கர் வரை இலவச உரம் என்ற நிலை வந்தது. அந்த வருடம் நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையோடு தொடர்புபட்டுத் தொற்றுப் பரவி ஊர் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெரும்போகப் பயிருக்குக் களையும் உரமும் பார்க்கும் நேரம் அது. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு 10,000 ரூபா பெறுமதியான பொதி என்று அரசு அறிவித்திருந்தது. பூட்டிய வீட்டுக்காரரின் வயலுக்கு அப்படி எதுவும் இல்லை. (ஜனாஸா விடயம் தனியாக எழுத வேண்டியது, இங்கே தொடவில்லை.)

2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்குத் தடை. சேதனப் பசளைக்கு ஹெக்டயருக்கு 12,500 ரூபா என்றார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு 40 பில்லியன் ரூபா நட்டஈடு என்ற அறிவிப்பு வந்தது. அதே வருடச் சிறுபோகத்தில் இந்தியக் கடனுதவியில் வந்த யூரியா அந்தர் 10,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது. முந்திய விலை 1,500 ரூபா.

வருடக் கடைசியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், ஒரு ஹெக்டயர் வரை செய்தவருக்கு 10,000, அதற்கு மேல் 20,000 என்று உதவி வந்தது. அப்போதும் பார்த்தது பதிவேட்டைத்தான்.

பழைய ஏக்கர் வரித் துண்டு, வட்டவிதானைமார் எழுதிய கொப்பி வைத்திருப்போர் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் கண்டத்தில் யார் செய்தார் என்று பிள்ளைகளோடு சேர்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம்.