கண்டாங்கியும் கணுக்காலும்

என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அப்பத்தாவின் மரப்பெட்டியிலிருந்து எடுத்த அரக்குக் கண்டாங்கியை முதன்முதலாகக் கட்டியபோது, கரை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு உசரம் ஆகாது" என்று காரைக்குடி உறவில் பலர் சொல்லிக் கேட்டவள் நான். சேலையும் அதையே சொல்கிறதோ என்று தோன்றியது. அப்பத்தாதான், "சேலை கட்டையில்ல ஆத்தா, நீங்கள்லாம் கட்டுற விதம் வேற" என்றார்.

சேலைக்கு இரண்டு அளவுகள். நீளத்தைப் பற்றி எல்லோரும் பேசுவோம். அகலத்தை, கடைக்காரர் சொல்லும் 'பன்னா'வை, கவனிப்பதில்லை. ஆனால் உடம்பில் ஏறியதும் அந்தப் பன்னாதான் உயரம். பழைய கண்டாங்கியின் பன்னா குறைவு. பின்கொசுவம் வைத்து, உள்பாவாடை இல்லாமல், கெண்டைக்காலுக்குக் கீழே கரை நிற்கும்படி கட்டுவதற்காக நெய்த முரட்டுப் பருத்தி அது. தண்ணீர் சேந்தவும் முற்றத்தில் வற்றல் காயப்போடவும் படியேறி இறங்கவும் அந்த உயரமே வசதி. விளிம்பு நனையாது, கால் தடுக்காது.

பாதத்தைத் தொடும் சேலை அதே வீடுகளின் சுவரில் படமாகத் தொங்கியது. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகளுக்கும் வந்தார்கள். பிறகு உள்பாவாடை, முன்கொசுவம், பள்ளிக்கூடம், உத்தியோகம். பாதம்வரை கட்டுவது மரியாதை என்றானபோது, நேற்றுவரை சரியாக இருந்த சேலை கட்டையாகிவிட்டது. உயரமான பெண்களுக்கு அது முதலில் உறைத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் இடுப்பிலிருந்து தரைக்கு 42 இஞ்ச். அப்பத்தா சேலையின் பன்னா 40. செருக மூன்று இஞ்ச் போனால் மிச்சம் 37.

நெய்த துணியை நீளத்தில் வெட்டலாம், பன்னாவைக் கூட்ட முடியாது. தறியில்தான் கூட்ட வேண்டும். ஒரு இஞ்சுக்கு 60 பாவு இழை என்று வைத்துக்கொண்டால், ஐந்து இஞ்சுக்கு 300 இழைகள் கூடுதல். ஒவ்வொன்றையும் விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும். அகலமான அச்சு வேண்டும், நாடா ஓடும் தூரமும் கூடும். ஒரே பாவில் பல சேலைகள் நெய்வதால், ஒருத்திக்காக மட்டும் இதையெல்லாம் யாரும் மாற்றமாட்டார்கள். ஊரே கட்டும் விதத்தை மாற்றியபோதுதான் தறி மாறியது.

வழக்கொழிந்துகொண்டிருந்த கண்டாங்கிக்கு மறுவாழ்வு தேடியவர்களில் விசாலாட்சி ராமசாமி முக்கியமானவர். வீடுகளில் கிடந்த பழைய சேலைகள் புதியவற்றுக்கு மாதிரியாயின. கட்டங்களும் அகலக் கரையும் அப்படியே இருக்க, பன்னா மட்டும் இன்றைய கட்டுக்கு ஏற்றபடி கூடியது. 2019 ஆகஸ்டில் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெட்டியில் இருந்த சேலைக்கு வீட்டு வைத்தியம்தான். கீழே துணி ஒட்டினால் தையல் கண்ணில் படும். மேலே, இடுப்பில் செருகும் பக்கம் ஒட்டினால் உள்ளே மறைந்துவிடும். உள்முனையில் தொடங்கி, முதல் சுற்றும் கொசுவமும் முடியும் இடம்வரை, சுமார் மூன்று மீட்டர் போதும். முந்தானைப் பக்கம் வேண்டாம், அது தோளுக்கு ஏறிவிடும். புதுத்துணி துவைத்தால் சுருங்கி சேலையை இழுக்கும், ஆகவே பலமுறை துவைத்த பழந்துணிதான் நல்லது.

அப்பத்தாவின் நைந்த சேலை ஒன்றிலிருந்து ஆறு இஞ்ச் பட்டி கிழித்தேன். இணைப்புத் தையலுக்கும் விளிம்பு மடிப்புக்கும் போக நாலரை இஞ்ச் கிடைத்தது. கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அப்பத்தா குனிந்து கரையைப் பார்த்தார்.

"இப்ப தரையக் கூட்டுது. மழைக்காலத்துல கொஞ்சம் தூக்கிச் செருகிக்க" என்றார்.