நாடுகாணி மாதிரி மலை ஊரில் ‘ரூன்ஸ்கேப்’ விளையாடலாமா? முதல் நாள் முதல் சண்டை வரை... புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

நீலகிரி மாவட்டம், கூடலூரிலிருந்து கேரளாவின் நிலம்பூர் நோக்கி இறங்கும் மலைப்பாதையில் இருக்கும் ஊர் நாடுகாணி. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், காடு. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நாள்கணக்கில் அடைமழை. மரம் விழுந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவரும் சேர்ந்து படுத்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் இருக்கும் ஒருவர் மொபைலில் ஆன்லைன் கேம் ஆடணும் என்று நினைத்தால் முதலில் வரும் கேள்வியே, ‘சிக்னல் தாங்குமா?’ என்பதுதான்.

துப்பாக்கிச் சண்டை கேம்களில் அரை நொடி தாமதமானாலே ஆள் காலி. ஆனால் பொறுமையாக ஆடக்கூடிய இன்னொரு வகை இருக்கிறது. அதுதான் கற்பனை உலக ‘ரோல் பிளேயிங்’ கேம். அதில் உலகம் முழுக்கப் பிரபலமான ஒன்று ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’. இதை எப்படித் தொடங்குவது? எங்கே உஷாராக இருக்க வேண்டும்? காசு எந்த இடத்தில் பறிபோகும்? பார்க்கலாம்.

ரூன்ஸ்கேப் என்றால் என்ன?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ‘ஜேஜெக்ஸ்’ நிறுவனத்தின் கேம் இது. 2001 ஜனவரியில் முதன்முதலில் வெளியானது. பிறகு பல மாற்றங்கள் வர, ‘பழைய கேம்தான் வேணும்’ என்று ரசிகர்கள் கேட்டார்கள். வாக்கெடுப்பு நடத்தி, 2007-ம் ஆண்டு நிலையில் இருந்த பழைய வடிவத்தை 2013-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அதனால்தான் பெயரில் ‘ஓல்டு ஸ்கூல்’. 2018 அக்டோபர் 30-ம் தேதி மொபைலுக்கும் வந்தது. கம்ப்யூட்டரில் ஆடும் அதே அக்கவுண்டை போனிலும் தொடரலாம்.

வாள், மந்திரம், அரக்கர்கள் எல்லாம் உண்டு. கூடவே மீன் பிடிக்கலாம், சமைக்கலாம், சுரங்கம் தோண்டலாம், மரம் வெட்டலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அந்த உலகில் நடமாடுவார்கள். ‘ஜெயிச்சாச்சு, முடிஞ்சுது’ என்ற கட்டமே இதில் கிடையாது.

வீக் சிக்னலில் எப்படி ஓடுகிறது?

இந்த கேமின் உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் ‘டிக்’ அடித்து நகரும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு செயலும் அந்த டிக்கில்தான் கணக்கில் வரும். அதனால் நெட் கொஞ்சம் தாமதமானாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பழைய காலத்து எளிமையான கிராஃபிக்ஸ் என்பதால் விலை உயர்ந்த போன் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயம். சண்டையின் நடுவில் நெட் அறுந்தால், உங்கள் கதாபாத்திரம் உடனே மறைந்துவிடாது. கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்று அடி வாங்கும். எனவே மழை, காற்று பலமாக இருக்கும் நாளில் மீன்பிடி, மரம் வெட்டுதல் போன்ற ஆபத்தில்லாத வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். சண்டையை சிக்னல் நிலையாக இருக்கும் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். மலை ஊர்க்காரர்களுக்கு இதுதான் முதல் பாடம்!

முதல் ஒரு மணி நேரம்: என்ன செய்யணும்?

அக்கவுண்ட் தொடங்கியதும் ‘டுடோரியல் ஐலண்ட்’ என்ற தீவில் இறங்குவீர்கள். மீன் பிடிப்பது, சமைப்பது, அடிப்பது என எல்லாவற்றையும் அங்கே சொல்லித் தருவார்கள். அவசரப்பட்டு தட்டித் தட்டித் தாண்டாமல் படித்துப் பாருங்கள். இறுதியில் சாதாரண ஆட்டமா, ‘அயர்ன்மேன்’ ஆட்டமா என்ற தேர்வு வரும். அயர்ன்மேனில் மற்றவர்களிடம் வாங்கவோ விற்கவோ முடியாது. புதியவர்கள் சாதாரண ஆட்டத்தையே எடுப்பது நல்லது.

அடுத்து வந்து சேரும் ஊர் ‘லம்பிரிட்ஜ்’. கையில் கோடாரி, கடப்பாரை, சின்ன மீன்வலை, வாளி, பானை என்று கொஞ்சம் பொருள் இருக்கும். ‘இந்த வாளியும் பானையும் எதுக்கு?’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அவை தேவைப்படும். மொத்தம் 28 பொருள்களைத்தான் பையில் சுமக்க முடியும். மற்றதை பேங்கில் போட்டு வையுங்கள்.

முதலில் சண்டையா, குவெஸ்டா?

பெரும்பாலான புதியவர்கள் கோழியை அடித்து அடித்தே லெவல் ஏற்றப் பார்ப்பார்கள். அதைவிட ‘குவெஸ்ட்’ எனப்படும் கதைப் பணிகள் வேகமானவை. தொடக்கத்தில் செய்யக்கூடிய சில:

குக்ஸ் அசிஸ்டென்ட்: லம்பிரிட்ஜ் கோட்டை சமையல்காரருக்கு முட்டை, பால், மாவு வேண்டும். கோழிப் பண்ணையில் முட்டை, மாட்டிடம் வாளியில் பால். வயலில் கோதுமை பறித்து, மாவு மில்லின் மேல்தளத்தில் கொட்டி, நெம்புகோலை இழுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் பானையில் மாவு பிடிக்க வேண்டும். பரிசு 300 சமையல் புள்ளி.

ரெஸ்ட்லெஸ் கோஸ்ட்: லம்பிரிட்ஜ் கல்லறையில் அலையும் ஆவிக்கு உதவும் கதை. 1,125 பிரார்த்தனைப் புள்ளி கிடைக்கும். ஒரே பாய்ச்சலில் லெவல் 1-லிருந்து 9.

டோரிக்ஸ் குவெஸ்ட்: களிமண் 6, செம்புத் தாது 4, இரும்புத் தாது 2 கொடுத்தால் 1,300 சுரங்கப் புள்ளி. லெவல் 10 ஆகிவிடும். இரும்பு வெட்ட சுரங்க லெவல் 15 வேண்டும் என்பதால், அந்த 2 துண்டை மற்றவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.

வேம்பயர் ஸ்லேயர்: கொஞ்சம் கடினமானது. ஆனால் முடித்தால் 4,825 தாக்குதல் புள்ளி. லெவல் 1-ல் இருப்பவரும் நேராக 20-க்குப் போய்விடுவார். உணவும் ஓரளவு கவசமும் இல்லாமல் போகாதீர்கள்.

சண்டை: மூன்று விஷயம் தெரிந்தால் போதும்

ஒன்று, வரிசை. கோழி, பிறகு கோப்ளின், பிறகு மாடு. மாட்டின் தோலை விற்றால் ஆரம்பக்காரருக்கு நல்ல வருமானம். எலும்பைப் புதைத்தால் பிரார்த்தனை லெவல் ஏறும். எதையும் வீணாக விடாதீர்கள்.

இரண்டு, முக்கோணம். கத்திச் சண்டைக்காரர் வில்லாளியை வெல்வார். வில்லாளி மந்திரவாதியை வெல்வார். மந்திரவாதி கத்திச் சண்டைக்காரரை வெல்வார். எதிரே நிற்பது யார் என்று பார்த்துவிட்டு ஆயுதத்தை எடுங்கள்.

மூன்று, உணவு. இறால் சாப்பிட்டால் 3 உயிர்ப்புள்ளி, டிரவுட் மீனுக்கு 7, சால்மனுக்கு 9, லாப்ஸ்டருக்கு 12. மீன் பிடித்து, சமைத்து, பையில் பாதியை உணவால் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். உயிர் பாதிக்குக் கீழே போனால் சாப்பிடுங்கள். இல்லையென்றால் ஓடுங்கள். ஓடுவதில் வெட்கமே இல்லை!

ஆயுதங்களுக்கும் லெவல் உண்டு. வெண்கலமும் இரும்பும் யாரும் பிடிக்கலாம். ஸ்டீலுக்கு தாக்குதல் லெவல் 5, மித்ரிலுக்கு 20, அடமண்ட்டுக்கு 30, ரூனுக்கு 40 தேவை. 

‘வாரக்’ நகரத்துக்குப் போகும் தெற்கு வழியில் ‘டார்க் விசார்டு’ எனும் மந்திரவாதிகள் நிற்பார்கள். சின்ன லெவலில் அந்தப் பக்கம் போய் விழுந்தவர்கள் ஏராளம். சுற்றிப் போவதே புத்திசாலித்தனம்.

செத்தால் என்ன ஆகும்?

சாதாரண இடத்தில் அரக்கனிடம் தோற்றால், உங்களிடம் உள்ளவற்றில் மதிப்பு அதிகமான 3 பொருள்கள் கூடவே வரும். மீதி எல்லாம் இறந்த இடத்தில் கல்லறையில் இருக்கும். அதை எடுக்க 15 நிமிட அவகாசம் உண்டு. எனவே ஆபத்தான இடத்துக்குப் போகும்போது தேவையானதை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

‘வைல்டர்னஸ்’: இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்

வரைபடத்தின் வடக்கே ஒரு பள்ளம் வரும். தாண்டினால் ‘வைல்டர்னஸ்’. இங்கே மற்ற ஆட்டக்காரர்களே உங்களைத் தாக்கலாம். பொருளையும் அள்ளிக்கொண்டு போகலாம். ‘வாங்க, புதையல் காட்டுறேன்’ என்று நட்பாகப் பேசி இங்கே அழைத்துப் போவது ரொம்பப் பழைய தந்திரம். அதேபோல லாகின் செய்யும்போது எந்த ‘வேர்ல்டு’ என்று கேட்கும். அதில் ‘பிவிபி’ என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அந்த வேர்ல்டில் ஊருக்கு வெளியே எங்கு நின்றாலும் அடி விழலாம்.

ஏமாற்று வேலைகள்: இதை அவசியம் படியுங்கள்

‘காசு கொடுங்க, டபுளாக்கித் தர்றேன்’ என்பவர் திருப்பித் தரமாட்டார். ‘கவசத்தைக் கொடுங்க, அழகு பண்ணித் தர்றேன்’ என்பதும் அதே கதைதான்.

பொருள் மாற்றிக்கொள்ளும்போது இரண்டாவதாக ஒரு உறுதிப்படுத்தும் திரை வரும். முதல் திரையில் காட்டிய பொருள் அதிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஓகே கொடுங்கள்.

பாஸ்வேர்டு, ஓடிபி யார் கேட்டாலும் தரக்கூடாது. ‘நிறுவனத்திலிருந்து பேசுறோம்’ என்று வரும் மெசேஜ், இலவச பரிசு என்று வரும் லிங்க் எதையும் தட்ட வேண்டாம். இரண்டடுக்குப் பாதுகாப்பையும், கேமுக்குள் இருக்கும் 4 இலக்க பேங்க் பின்னையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

வெளியாட்களிடம் நிஜப் பணம் கொடுத்து கேம் தங்கம் வாங்குவது விதிமீறல். மாதக்கணக்கில் வளர்த்த அக்கவுண்டே முடக்கப்படலாம். தானாக ஆடும் ‘பாட்’ மென்பொருளுக்கும் அதே கதிதான். கொடுத்த காசும் போகும், அக்கவுண்டும் போகும்.

பணம் கட்டாமல் ஆட முடியுமா?

முடியும். சண்டை, மந்திரம், மீன்பிடி, சமையல், சுரங்கம் என 15 திறன்கள் இலவசம். 20-க்கும் மேற்பட்ட குவெஸ்ட்களும் இலவசம். ஆரம்ப சில மாதங்களுக்கு இதுவே தாராளம். மெம்பர்ஷிப் சந்தா கட்டினால் பெரிய வரைபடமும் கூடுதல் திறன்களும் கிடைக்கும். ‘பாண்ட்’ என்ற பொருளை கேம் தங்கத்தில் வாங்கியும் 14 நாள் மெம்பர் ஆகலாம். அந்த அளவுக்குத் தங்கம் சேர்க்க ஆரம்பக்காரருக்கு நிறைய நாளாகும்.

பெற்றோர் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆடும் போனில் யுபிஐ, கார்டு விவரம் சேமித்து வைக்காதீர்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங் மாற்றிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘ஆன்லைன் கேமையே தடை பண்ணிட்டாங்களே?’ என்ற குழப்பம் பலருக்கு உண்டு. 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் தடை செய்வது, பணம் கட்டி பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத்தான். அதை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. பந்தயம் இல்லாமல், சந்தா மட்டும் வாங்கும் விளையாட்டுகளை அந்தச் சட்டம் தனி வகையாகப் பிரித்துப் பார்க்கிறது.

தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று 2025-ல் வந்த கட்டுப்பாடும் பணம் வைத்து ஆடும் கேம்களுக்கானதே. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த விதி இந்த கேமுக்குப் பொருந்தாது என்றாலும், அந்த நேரம் தூங்குவதற்கானது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை!

பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு நேரம் ஆடலாம்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு திறனில் லெவல் 99 தொட 1,30,34,431 புள்ளி வேண்டும். லெவல் 92-ல் இருப்பவர், ‘இன்னும் ஏழே லெவல்தான்’ என்று நினைப்பார். ஆனால் அங்கே கிடைத்திருப்பது 65,17,253. அதாவது, பாதித் தூரம்தான் வந்திருக்கிறார்! ‘இன்னும் கொஞ்சம்’ என்று உட்கார வைக்கும் வேலையை இந்தக் கணக்குதான் செய்கிறது. லெவலை இலக்காக வைத்தால் விடிந்துவிடும். ‘இன்றைக்கு ஒரு குவெஸ்ட்’ என்று வைத்துக்கொண்டால் எழுந்து போக முடியும்.

கடைசியாக, மலை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று இருட்டிய பிறகு போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வளைவுக்கோ, மேட்டுக்கோ போக வேண்டாம். நாடுகாணி, தேவாலா, பந்தலூர் பக்கமெல்லாம் யானை நடமாடும் இடம். கண் ஸ்கிரீனில், காதில் ஹெட்செட் என்றால் பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது. கேமில் செத்தால் லம்பிரிட்ஜில் எழுந்துகொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. சிக்னல் இல்லையா? போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அந்த உலகம் அங்கேயேதான் இருக்கும்.