யூ-505 (நீர்மூழ்கிக் கப்பல்)

யூ-505 என்பது இரண்டாம் உலகப் போரில் நாசி ஜெர்மனியின் கடற்படையான கிரீக்ஸ்மரீனில் பணியாற்றிய ஒரு நீர்மூழ்கிக் கப்பல் ஆகும். இது 1944 ஜூன் 4 அன்று அட்லாண்டிக் பெருங்கடலில் அமெரிக்கக் கடற்படையால் கைப்பற்றப்பட்டது. 1815 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அமெரிக்கக் கடற்படை எதிரி நாட்டுப் போர்க்கப்பல் ஒன்றை நடுக்கடலில் கைப்பற்றியது இதுவே முதல் முறையாகும். தற்போது சிகாகோ நகரின் அறிவியல் மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

வடிவமைப்பு

யூ-505 நெடுந்தூரப் பயணங்களுக்கென உருவாக்கப்பட்ட ஒன்பது-சி வகையைச் சேர்ந்தது. ஹாம்பர்க் நகரில் கட்டப்பட்டு 1941 மே மாதம் நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று படையில் சேர்க்கப்பட்டது. இதன் நீளம் 76.8 மீட்டர். முன்புறம் நான்கும் பின்புறம் இரண்டுமாக ஆறு ஏவுகுழாய்களும் 22 டார்ப்பீடோக்களும் இதில் இருந்தன.

அக்கால நீர்மூழ்கிகளைத் தேவைப்படும்போது மட்டும் மூழ்கக்கூடிய கப்பல்கள் என்பதே பொருத்தமாகும். யூ-505 நீர்ப்பரப்பில் டீசல் எந்திரங்களைக் கொண்டு 10 கடல்மைல் வேகத்தில் சுமார் 13,450 கடல்மைல் செல்ல வல்லது. டீசல் எந்திரங்களுக்குக் காற்று தேவை என்பதால் நீருக்கடியில் மின்கலங்களால் இயங்கும் மின்னோடிகளே பயன்பட்டன. அவற்றைக் கொண்டு 4 கடல்மைல் வேகத்தில் 63 கடல்மைல் மட்டுமே செல்ல முடிந்தது. பின்னர் மேலெழுந்து மின்கலங்களை மின்னேற்றம் செய்தாக வேண்டும். வானூர்திகள் இவற்றை வேட்டையாட இப்பலவீனமே வழிவகுத்தது.

போர்ப்பணி

யூ-505 மொத்தம் எட்டுக் கப்பல்களை மூழ்கடித்தது. அவற்றுள் ஏழு, முதல் தலைவரான ஆக்செல்-ஓலாஃப் லோவே காலத்தில் மூழ்கடிக்கப்பட்டவை. 1942 செப்டம்பரில் பொறுப்பேற்ற பீட்டர் செக் காலத்தில் நிலைமை மாறியது. நவம்பர் 10 அன்று டிரினிடாட் அருகே வானூர்தி வீசிய குண்டு மேல்தளத்தைத் தாக்கியது. அவ்வெடிப்பில் வானூர்தியும் அழிந்தது. பெருஞ்சேதத்துடன் கப்பல் பிரான்சின் லோரியாங் துறைமுகத்திற்குத் திரும்பியது. பழுதுபார்க்கப்பட்ட பின்னரும், பிரெஞ்சுத் தொழிலாளர்களின் நாசவேலையால் புறப்பட்ட சில நாட்களிலேயே பலமுறை திரும்ப நேர்ந்தது. 1943 அக்டோபர் 24 அன்று ஆழ்குண்டுத் தாக்குதலுக்கு நடுவே, மாலுமிகளின் கண்முன்னே செக் தன்னைத்தானே சுட்டுக் கொண்டார். துணைத்தலைவர் பால் மேயர் தலைமையேற்று கப்பலைப் பத்திரமாகக் கரைசேர்த்தார்.

கைப்பற்றப்படுதல்

கேப்டன் டேனியல் கேலரி தலைமையில் குவாடல்கனால் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலும் ஐந்து துணைக் கப்பல்களும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் நீர்மூழ்கி வேட்டையில் ஈடுபட்டிருந்தன. மூழ்கடிப்பதற்குப் பதிலாக ஒன்றையேனும் கைப்பற்ற வேண்டும் என்பது கேலரியின் திட்டம். சாட்டலைன் என்னும் கப்பலின் சோனார் யூ-505ஐக் கண்டறிந்தது. நீரினடியில் அது இருந்த இடத்தை வானூர்திகள் துப்பாக்கியால் சுட்டு அடையாளம் காட்டின. ஆழ்குண்டுகளால் சுக்கான் சிக்கிக்கொள்ளவே, அப்போதைய தலைவர் ஹாரால்ட் லாங்கே கப்பலை மேலெழுப்பி வெளியேற உத்தரவிட்டார்.

மாலுமிகள் அவசரத்தில் எந்திரங்களை நிறுத்தாமலே வெளியேறினர். ஆளற்ற கப்பல் வட்டமிட்டுக் கொண்டிருக்க, லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் தலைமையிலான குழு அதில் ஏறியது. வெடிகுண்டுகள் வைக்கப்பட்டிருக்கலாம், கப்பல் எந்நொடியும் மூழ்கலாம் என்பதை அறிந்தே அவர்கள் உள்ளே இறங்கினர். நீர் புகுந்துகொண்டிருந்த திறப்பின் மூடியைத் தேடியெடுத்து அடைத்ததால் கப்பல் தப்பியது. 59 ஜெர்மானியருள் ஒருவர் மட்டுமே உயிரிழந்தார்.

எனிக்மா கருவிகளும் குறியீட்டு நூல்களும் கிடைத்தன. ஆனால் செய்தி கசிந்தால் ஜெர்மானியர் குறியீடுகளை மாற்றிவிடுவர். நார்மாண்டிப் படையிறக்கத்திற்கோ இரண்டே நாட்கள் இருந்தன. எனவே கேலரியைப் படைநீதிமன்றத்தில் நிறுத்துவது பற்றிக்கூடக் கடற்படைத் தளபதி எர்னஸ்ட் கிங் எண்ணினார். கப்பல் இரகசியமாக பெர்முடாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. கைதிகள் லூசியானாவின் ரஸ்டன் முகாமில் தனிமைப்படுத்தப்பட்டனர். செஞ்சிலுவைச் சங்கத்தினருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. அவர்கள் இறந்துவிட்டதாகவே குடும்பத்தினர் நம்பினர். இரகசியம் காக்கப்பட்டது உண்மைதான், எனினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் இக்குடும்பங்களே.

டேவிட் 1945 செப்டம்பரில் காலமானார். அவருக்குரிய மெடல் ஆஃப் ஆனர் விருதை அடுத்த மாதம் அவரது மனைவி பெற்றுக்கொண்டார்.

போருக்குப் பின்

பயிற்சி இலக்காகச் சுட்டு மூழ்கடிக்கப்படவிருந்த யூ-505, சிகாகோ மக்களின் நன்கொடையால் 1954 இல் அருங்காட்சியகத்தை அடைந்தது. அரை நூற்றாண்டு வெட்டவெளியில் நின்றதால் துருப்பிடித்த இக்கப்பல், 2004 இல் நிலத்தடிக் கூடத்திற்கு மாற்றப்பட்டது. ஒன்பது-சி வகையில் எஞ்சியிருப்பது இது ஒன்றே.