நதிமூலம் பிறந்த கதை

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கு. மிசிசிப்பி விஷயத்தில் அமெரிக்கர்கள் அதை விடாமல் தேடிப் பிடித்தார்கள். பிடித்த பிறகு அதைச் செப்பனிட்டுக் கட்டியும் வைத்தார்கள்.

மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, பைன் காட்டுக்குள் இருக்கும் இடாஸ்கா ஏரிதான் அந்த மூலம். பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மூன்று கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த ஏரியின் வடமுனையில் ஓர் ஓடை கிளம்புகிறது. முழங்கால் ஆழம்தான், குழந்தைகள் நடந்தே கடக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடா தெற்கே இருக்க, இந்த ஓடை முதலில் வடக்கே போகிறது. பெமிட்ஜி ஊர்ப் பக்கம் கிழக்கே வளைந்து, அதற்குப் பிறகுதான் தெற்கைப் பிடிக்கிறது.

ஏரியை உண்டாக்கியது பனி. கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதியை மூடியிருந்த பனிப்பாளம் பின்வாங்கியபோது, தான் சுமந்து வந்த சரளையையும் களிமண்ணையும் மேடுமேடாகக் கொட்டிவிட்டுப் போனது. மண்ணுக்குள் புதைந்த பனிக்கட்டிகள் மெல்ல உருகிய இடமெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் தண்ணீர். இன்று இடாஸ்கா பூங்காவுக்குள் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள்.

பக்கத்திலுள்ள எல்க் ஏரியின் அடிச்சேற்றில் இந்த வட்டாரத்தின் சரித்திரமே இருக்கிறது. கோடையில் வெளிறிய சுண்ணாம்புப் படிவு, குளிரில் கறுத்த படிவு என வருடத்துக்கு ஒரு ஜோடி. குழாயை இறக்கி எடுத்த சேற்றில் சுமார் 10,000 ஆண்டுகளின் படிவுகளை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அதில் சிக்கிய மகரந்தம் சொல்வது இது: முதலில் ஸ்புரூஸ் காடு, பிறகு பைன், பிறகு வறட்சி முற்றி நெடுங்காலம் புல்வெளி. ஈரம் திரும்பிய பிறகே காடும் திரும்பியது. ஏரிக்கரையில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காட்டெருமை வேட்டையாடிய தடயமும் கிடைத்திருக்கிறது.

மூலத்தைத் தேடி வந்த வெள்ளையர்கள் ஆளுக்கோர் ஏரியைக் காட்டினார்கள். 1820-இல் லூயிஸ் காஸ், இப்போது அவர் பெயர் தாங்கும் ஏரியோடு நின்றுவிட்டார். 1823-இல் இத்தாலியரான பெல்ட்ராமி ஜூலியா ஏரிதான் என்றார். 1832-இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவரைக் கூட்டிவந்தவர் ஒஜிப்வே பழங்குடித் தலைவர் ஒசாவிந்திப். ஒஜிப்வேக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த ஏரி; எல்க் மானின் பெயரால் அதை அழைத்துவந்தார்கள். ஸ்கூல்கிராஃப்ட் இரண்டு லத்தீன் சொற்களை வெட்டி ஒட்டி 'இடாஸ்கா' என்று புதுப் பெயர் வைத்தார்.

அத்தோடு முடியவில்லை. இடாஸ்காவுக்குள்ளும் ஓடைகள் வந்து விழுகின்றன. அப்படியானால் மூலம் எது? 1836-இல் நிக்கொலெ அந்த ஓடைகளை அளந்து வரைந்தார். 1881-இல் வில்லர்ட் கிளேசியர், எல்க் ஏரியே உண்மையான மூலம் என்று கிளம்பியதில் பெரிய சச்சரவு. அதைத் தீர்க்க வந்த ஜேக்கப் பிரோவர் ஏரியைச் சுற்றி அளந்தார். மரம்வெட்டும் கம்பெனிகள் நெருங்கி வருவதையும் அவர் கண்டார். அவர் விடாமல் போராடியதில் 1891-இல் இடாஸ்கா மாநிலப் பூங்கா பிறந்தது. சட்டமன்றத்தில் அது தேறியது ஒரே ஓட்டு வித்தியாசத்தில்.

சட்டம் வந்தும் வெட்டு நிற்கவில்லை. மரக்கட்டைகளை மிதக்கவிட ஏரியின் வாயில் அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். கரையோர மரங்கள் மூழ்கின. 1903-இல் பூங்கா ஆணையராக இருந்த 24 வயது மேரி கிப்ஸ், மதகைத் திறக்கச் சொல்லி அவர்களை எதிர்த்து நின்றார். அவர் அந்தப் பதவியில் சில மாதங்களே இருந்தார்.

இன்று பயணிகள் கல்லுக்குக் கல் தாவி மிசிசிப்பியைக் கடக்கும் இடம், அந்த நாளில் வெறும் சதுப்பு. 1930-களில் வேலையில்லா இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தின் ஆட்கள் சதுப்பைத் தூர்த்து, புதுக் கால்வாய் வெட்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் பாறைகளை வரிசையாக அடுக்கினார்கள். பள்ளத்தைப் பனி தோண்டியது, தண்ணீரைக் காடும் மழையும் தருகின்றன. ஆனால் சுமார் 3,770 கிலோமீட்டர் நதி 'இங்கேதான் தொடங்குகிறது' என்று விரல் நீட்டிக் காட்டும் அந்த ஓர் அடி இடம் மட்டும் மனிதக் கைவேலை.